அமெரிக்காவில் 'செக்' என்றால் எந்தச் செக்? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்கு வேலைக்கோ மேற்படிப்புக்கோ முதல்முறையாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் நியூஜெர்சியில் இறங்கிய புதிதில் யார் வாயைத் திறந்தாலும் 'செக்' என்றார்கள். விமான நிலையத்தில் பெட்டியை மறுபடி செக் பண்ணு என்றார்கள். வங்கியில் செக்கிங் கணக்கு என்றார்கள். கிரெடிட் செக் முடிந்தால்தான் சாவி என்றது குடியிருப்பு அலுவலகம். பேக்ரவுண்ட் செக்குக்கு ஆவணம் கேட்டு ஹெச்ஆரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதே மின்னஞ்சலின் கடைசி வரியில் வாய்ட் செக் ஒன்றும் அனுப்பவும் என்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் வேறு ஆவணம், வேறு செலவு, வேறு காத்திருப்பு. இதையெல்லாம் யாராவது முன்கூட்டியே வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்வோம். சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கிறோமே செக், அதுதான் இத்தனைக்கும் மூலம். பாரசீக மொழியில் ஷா என்றால் அரசன். அந்தச் சொல் அரபி, பழைய பிரெஞ்சு என்று கைமாறி ஆங்கிலத்துக்கு வந்தது. 'ராஜாவுக்கு ஆபத்து' என்பது 'தடுத்து நிறுத்து' ஆனது, பிறகு 'நிறுத்திச் சரிபார்' ஆனது, கடைசியில் சரிபார்க்க உதவும் துண்டுச் சீட்டுக்கே அந்தப் பெயர் வந்தது. வங்கித் தாள், சாப்பாட்டு பில், பெட்டிக்குத் தரும் டோக்கன் எல்லாம் அந்தச் சீட்டின் வம்சம்தான். பிரிட்டனில் வங்கித் தாளுக்கு மட்டும் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டார்கள். நாம் பள்ளியில் படித்தது அது. அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். ஆகவே எந்தக் கடிதத்திலும் 'செக்' என்று பார்த்ததும், இது பணத்தாளா, சரிபார்ப்பா, சீட்டா என்று பிரித்துவிட்டு அப்புறம் பதில் எழுதுங்கள்.

கீழே உள்ள தொகைகளும் விதிகளும் 2025 இறுதி நிலவரப்படி.

1. கிளம்புவதற்கு முன்: பாஸ்போர்ட்டில் பெயர்

இது செக்கோடு சம்பந்தமில்லாதது போலத் தெரியும். ஆனால் பின்னால் வரும் எல்லாச் செக்கிலும் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியலும் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்து ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு), வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் என்று பல இடங்களில் ஏறிவிடும். சில இடங்களில் ஏறாது. அந்த வித்தியாசம்தான் பிரச்சினை.

விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, இன்ஷியலை விரித்து (பெரும்பாலும் அப்பா பெயர்) சர்நேம் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய்; தத்காலில் கூடுதலாக 2,000 ரூபாய். விசா வந்த பிறகு இதைச் செய்யப் போனால் வேலை இரண்டு மடங்கு. கல்விச் சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது படியில் அது தேவைப்படும்.

2. விமான நிலையம்: செக்-இன் வேறு, செக் பண்ணிய பெட்டி வேறு

செக்-இன் என்பது நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று பதிவதும் போர்டிங் பாஸ் வாங்குவதும். இதை வீட்டிலிருந்தே போனில் முடிக்கலாம். செக் பண்ணிய பெட்டி என்பது விமானத்தின் வயிற்றுக்குள் போவது. முதலாவதை முடித்துவிட்டதால் இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்துத் தாமதமாகப் போகாதீர்கள். பெட்டி கொடுக்கும் கவுண்டருக்குத் தனியாக மூடும் நேரம் உண்டு.

எடை வரம்பு வழக்கமாகப் பெட்டிக்கு 23 கிலோ, அங்கே 50 பவுண்டு என்பார்கள். எத்தனை பெட்டி என்பது டிக்கெட்டில்தான் எழுதியிருக்கும். அளவைத் தாண்டினால் பெட்டி ஒன்றுக்குச் சுமார் 100 டாலர் வரை கேட்பார்கள்.

இதில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. நீங்கள் சென்னையிலிருந்து சிகாகோ வழியாக டல்லாஸ் போகிறீர்கள் என்று வையுங்கள். பெட்டியில் டல்லாஸ் என்றுதான் சீட்டு ஒட்டியிருப்பார்கள். ஆனாலும் அமெரிக்காவில் முதலில் இறங்கும் சிகாகோவில் பெட்டியை நீங்களே எடுத்து, சுங்கம் தாண்டி, வெளியே இருக்கும் கவுண்டரில் மறுபடி ஒப்படைக்க வேண்டும். டல்லாஸில் வந்துவிடும் என்று நேராக அடுத்த விமானத்துக்கு ஓடினால் பெட்டி சிகாகோவிலேயே நின்றுவிடும். இடைவெளி மூன்று மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். அபுதாபி வழியாகப் போகிறவர்கள் பலருக்கு அமெரிக்கக் குடிவரவும் சுங்கமும் அபுதாபியிலேயே முடிந்துவிடும். அவர்களுக்கு இந்த வேலை இல்லை.

சான்றிதழ் மூலங்கள், ஐ-20 (மாணவர்களுக்குக் கல்லூரி தரும் படிவம்) அல்லது ஐ-797 (வேலை விசா மனுவுக்கான ஒப்புதல் அறிவிப்பு), வேலைக் கடிதம், மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

3. செக்கிங் கணக்கு திறப்பது

சேவிங்ஸ் கணக்கு என்றால் நமக்கு அன்றாடக் கணக்கு. அங்கே அப்படி இல்லை. சம்பளம் வருவது, வாடகை போவது, டெபிட் கார்டு இழுப்பது எல்லாம் செக்கிங் கணக்கில். சேவிங்ஸ் என்பது எடுக்காமல் போட்டு வைக்க. வங்கியில் போய் 'சேவிங்ஸ் அக்கவுண்ட் வேண்டும்' என்று மட்டும் கேட்டால் அதை மட்டும்தான் திறந்து தருவார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, ஐ-94 அச்சுப்பிரதி (சுங்க, எல்லைக் காவல் துறையின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம்), முகவரிக்கு ஒரு சான்று (வாடகை ஒப்பந்தம் அல்லது கல்லூரி, கம்பெனி தரும் கடிதம்), இன்னொரு அடையாள அட்டை. எஸ்எஸ்என் (அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்) வந்த பிறகுதான் கணக்கு என்று சில கிளைகளில் திருப்பி அனுப்புவார்கள். வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட் எண்ணை வைத்தே கணக்கு திறக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எல்லா வங்கியும் அதைச் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு கிளையில் முடியாது என்றால் வாதாட வேண்டாம், அடுத்த வங்கிக்குப் போங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிளைகளுக்கு இது பழகிய வேலை.

எஸ்எஸ்என் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அட்டை தபாலில் வரச் சாதாரணமாக இரண்டு வாரம் ஆகும். பணம் கேட்டு 'சீக்கிரம் வாங்கித் தருகிறோம்' என்கிற தளங்களை நம்பாதீர்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செலவுகள்:

மாதாந்தரக் கட்டணம். பெரிய வங்கிகளில் 10 முதல் 15 டாலர் வரை. சம்பளம் நேராக வந்தாலோ, குறிப்பிட்ட தொகை (பெரும்பாலும் 1,500 டாலர்) குறையாமல் இருந்தாலோ விட்டுவிடுவார்கள். மாணவர் கணக்கு என்றால் பல வங்கிகளில் இலவசம்.

ஓவர்டிராஃப்ட். கணக்கில் பணம் இல்லாதபோது செலவு வந்தால் வங்கி கொடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு 35 டாலர் வரை பிடிக்கும். சில வங்கிகள் இதைக் குறைத்துவிட்டன, சில எடுத்தேவிட்டன. டெபிட் கார்டுக்கும் ஏடிஎம்முக்கும் இந்த வசதி வேண்டுமா என்று உங்களிடம் கேட்டு ஒப்புதல் வாங்கித்தான் ஆக வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் பணம் இல்லாதபோது கார்டு வேலை செய்யாது, அவ்வளவுதான், அபராதம் விழாது. ஆனால் காகிதச் செக்குக்கும் தானாகப் பிடிக்கப்படும் பில்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

செக் புத்தகம். நம்மூர் போல முதல் புத்தகம் சும்மா வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பெட்டிக்கு 20, 30 டாலர் ஆகும், தபாலில் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் மாத வாடகைக்கு உடனே வேண்டும் என்றால் 'கவுண்டர் செக்' கேளுங்கள். கிளையிலேயே இரண்டு மூன்று தாள் அச்சிட்டுத் தருவார்கள், தாளுக்குச் சில டாலர்.

ஹெச்ஆர் கேட்கும் வாய்ட் செக் என்பது ஒரு வெற்றுச் செக்கின் குறுக்கே பெரிதாக 'வாய்ட்' என்று எழுதியது. சம்பளத்தை நேராக உங்கள் கணக்கில் போட அடியில் இருக்கும் எண்கள் வேண்டும், அதற்காகத்தான் அது. இடது பக்கம் ஒன்பது இலக்கம் இருப்பது எந்த வங்கி என்று காட்டும் ரௌட்டிங் எண், அடுத்து உங்கள் கணக்கு எண். செக் புத்தகம் இன்னும் வரவில்லையா? வங்கியின் செயலியில் 'டைரக்ட் டெபாசிட் படிவம்' இருக்கும், இரண்டு எண்ணும் அச்சாகியே வரும். பெரும்பாலான கம்பெனிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. செக் புத்தகத்துக்காகச் சம்பளத்தைத் தள்ளிப் போட வேண்டாம்.

4. செக் எழுதுவது

இந்தியாவில் நீங்கள் கடைசியாகச் செக் எழுதி வருடக்கணக்கு ஆகியிருக்கும். ஜிபே வந்த பிறகு யாருக்கு வேண்டும்? ஆனால் அமெரிக்காவில் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பிளம்பர் கூலி என்று இன்னும் பல இடங்களில் தாள்தான். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம், செக் என்றால் இல்லை என்பதும் ஒரு காரணம்.

தேதியில் மாதம் முதலில் வரும். 3/7 என்றால் மார்ச் 7. அதை நம் வழக்கப்படி 7/3 என்று எழுதினால் ஜூலைத் தேதி போட்ட செக்கை மார்ச்சில் நீட்டிக்கொண்டிருப்பீர்கள். குழப்பமே வேண்டாமென்றால் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

தொகையை எழுத்தில் எழுதும்போது சென்ட்டைப் பின்னமாகப் போடுவார்கள். 1,250 டாலருக்கு 'ஒன் தௌசண்ட் டூ ஹண்ட்ரட் ஃபிஃப்டி அண்ட் 00/100' என்று எழுதி, மிச்ச இடத்தில் கோடு இழுத்துவிடுங்கள். 'டாலர்ஸ்' என்பது வரியின் கடைசியில் அச்சாகியே இருக்கும். எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்துக்குத்தான் மதிப்பு. இடது கீழ் மூலையில் 'மெமோ' என்று ஒரு வரி இருக்கும். அங்கே வீட்டு எண்ணும் எந்த மாத வாடகை என்பதும் எழுதுங்கள். தகராறு வந்தால் உங்கள் பக்கம் பேசுவது அந்த ஒரு வரிதான்.

நம்மவர்கள் விழும் பொறிகள் மூன்று.

முதலாவது, பின்தேதியிட்ட செக். அடுத்த மாதத் தேதி போட்டு இன்றே கொடுத்துவிட்டால் அந்தத் தேதி வரை எடுக்க மாட்டார்கள் என்பது நம் பழக்கம். அமெரிக்காவில் வங்கி தேதியைப் பார்க்காமலே பணத்தைக் கொடுத்துவிடலாம். முன்கூட்டியே நீங்கள் வங்கிக்கு அந்தச் செக்கைப் பற்றித் தனியாக அறிவிப்பு கொடுத்திருந்தால்தான் அவர்களுக்குப் பொறுப்பு. கணக்கில் பணம் இல்லாமல் செக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, குறுக்குக் கோடு. இடது மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதினால் பத்திரம் என்று நினைப்போம். அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே கிடையாது. தபால் பெட்டியிலிருந்து செக்கைத் திருடி, மையை ரசாயனத்தில் கழுவி, வேறு பெயரும் தொகையும் எழுதி எடுக்கிற திருட்டு அங்கே பரவலாக நடக்கிறது. கறுப்பு ஜெல் பேனாவில் எழுதுங்கள்; அந்த மை தாளில் ஊறிவிடுவதால் கழுவுவது கடினம். தெருவோர நீலப் பெட்டியில் போடாமல் தபால் நிலையத்துக்குள்ளே போய்க் கொடுங்கள். முடிந்தால் வங்கிச் செயலியின் 'பில் பே' வழியாக அனுப்புங்கள். வங்கியே செக் அச்சிட்டு அனுப்பும், பெரும்பாலும் இலவசம்.

மூன்றாவது, காலாவதி. இந்தியாவில் மூன்று மாதம். அமெரிக்காவில் ஆறு மாதம் தாண்டிய செக்கை வங்கி மறுக்கலாம் என்றுதான் சட்டம். மறுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. எட்டு மாதம் கழித்துக்கூட ஒருவர் உங்கள் பழைய செக்கைப் போட்டுப் பணம் எடுத்துவிட முடியும். கொடுத்த செக் தொலைந்துவிட்டது என்றால் 'ஸ்டாப் பேமெண்ட்' போடுங்கள். கட்டணம் பெரும்பாலும் 30 டாலரை ஒட்டி இருக்கும். அதுவும் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பெரிய தொகைக்கு, முக்கியமாக முதல் வாடகைக்கும் டெபாசிட்டுக்கும், உங்கள் சொந்தச் செக்கை வாங்க மாட்டார்கள். கேஷியர்ஸ் செக் கேட்பார்கள். நம்மூர் டிமாண்ட் டிராஃப்ட் மாதிரிதான்: பணத்தை முதலில் எடுத்துக்கொண்டு வங்கி தன் பெயரில் எழுதித் தரும். 10 முதல் 15 டாலர் ஆகும், கிளைக்கு நேரில் போனால் அரை மணி நேர வேலை. கணக்கே இன்னும் திறக்கவில்லை என்றால் தபால் நிலையத்தில் மணி ஆர்டர் வாங்கலாம். ஒன்றுக்கு 1,000 டாலர்தான் உச்சவரம்பு, கட்டணம் சில டாலர். ரசீதுத் துண்டைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய வழிகாட்டிகளில் விசா நீட்டிப்பு, கிரீன் கார்டு விண்ணப்பங்களோடு செக் இணைக்கச் சொல்லியிருப்பார்கள். குடியுரிமை, குடிவரவுத் துறை 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு சாதாரணமாகக் காகிதச் செக்கும் மணி ஆர்டரும் வாங்குவதில்லை. தாளில் அனுப்பும் விண்ணப்பத்துக்கு கார்டு என்றால் ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து என்றால் ஜி-1650 படிவம் வைக்க வேண்டும். செக் வைத்தால் முழுக்கட்டும் திரும்பி வரும், கெடு தவறும்.

5. செக் வாங்கிப் போடுவது

செக்கைத் திருப்பினால் மேல் ஓரத்தில் கையெழுத்துக்கு ஒரு சிறிய இடம் இருக்கும். கையெழுத்து போட்டு, போனில் படம் எடுத்துப் போடுவதானால் அதன் கீழே 'ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி' என்று எழுதி, வங்கிப் பெயரையும் சேருங்கள். பணம் முழுசாக வந்து சேரும் வரை தாளைக் கிழிக்க வேண்டாம். இரண்டு வாரம் வைத்திருங்கள்.

என் முதல் சம்பளம் தாளில்தான் வந்தது, அதில் பெயர் வரிசை மாறி அச்சாகியிருந்தது. வங்கிக் கவுண்டரில் இருந்தவர் வாங்க மறுத்துவிட்டார். அதற்கு வழி இருக்கிறது: செக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே முதலில் கையெழுத்து, அதன் கீழே உங்கள் கணக்கில் உள்ள சரியான பெயரில் இன்னொரு கையெழுத்து. இது நாடு முழுக்க நடைமுறையில் இருப்பது. மேலாளரைக் கேட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

பணம் எப்போது கைக்கு வரும்? சாதாரணச் செக்கில் முதல் 275 டாலர் அடுத்த வேலை நாளில், மிச்சம் இரண்டாவது வேலை நாளில். இது மத்திய விதி. ஆனால் கணக்கு திறந்து 30 நாள் ஆகாதவர்களுக்கும், ஒரே நாளில் 6,725 டாலருக்கு மேல் போட்டவர்களுக்கும் வங்கி கூடுதல் நாள் பிடித்து வைக்கலாம். நீங்கள் புதியவர், ஆகவே முதல் சம்பளம் வந்த மறுநாளே வாடகைக்குச் செக் கொடுக்காதீர்கள். இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை வேறு வழியில் கையோடு கொண்டு வாருங்கள்.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். செக் 'அவைலபிள்' என்று காட்டுவதும், செக் உண்மையிலேயே பாஸாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. மேலே சொன்ன விதிப்படி வங்கி இரண்டு நாளில் பணத்தைக் காட்டிவிடும். அந்தச் செக் போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். தெரிந்ததும் முழுத் தொகையையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

இந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள். பகுதிநேர வேலை தருகிறேன் என்று ஒருவர் 2,400 டாலருக்குச் செக் அனுப்புவார். 'உன் சம்பளம் 400, மிச்சத்துக்கு கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு' என்பார். அல்லது நீங்கள் விற்கும் பழைய மேசைக்கு அதிகத் தொகையில் செக் கொடுத்து, மிச்சத்தை 'ஸெல்' என்கிற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவையில் திருப்பி அனுப்பச் சொல்வார். கணக்கில் பணம் தெரிகிறதே என்று அனுப்புவீர்கள். பத்து நாள் கழித்துச் செக் திரும்பும். போன பணம் போனதுதான், கூடவே செக் திரும்பியதற்கு அபராதம், கணக்கையே மூடும் அபாயம். கேஷியர்ஸ் செக்கும் இப்படிப் போலியாக வரும். சந்தேகம் வந்தால் அந்த வங்கிக்குப் போன் செய்து கேளுங்கள். எண்ணைச் செக்கிலிருந்து எடுக்காமல் வங்கியின் தளத்திலிருந்து எடுங்கள். செக் கொடுத்துவிட்டுப் பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள். மாணவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள், சேமிப்பெல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது.

6. பேக்ரவுண்ட் செக்

வேலை தருவதற்கு முன் ஒரு தனி நிறுவனத்தை வைத்து உங்கள் படிப்பு, முந்தைய வேலை, குற்றப் பதிவு ஆகியவற்றைச் சரிபார்ப்பது. செலவு கம்பெனியுடையது. கேட்பது பெரும்பாலும் கடைசி ஏழு வருட விவரம்.

இவற்றை ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள்: பட்டச் சான்றிதழ், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல், ஒவ்வொரு கம்பெனியின் ஆஃபர் கடிதமும் ரிலீவிங் கடிதமும், கடைசிச் சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, முதல் படியில் சொன்ன நோட்டரி பிரமாணப் பத்திரம், குடியிருந்த முகவரிகள் தேதியோடு. இந்தியப் பல்கலைக்கழகம் சரிபார்ப்புக்குப் பதில் அனுப்பச் சில வாரங்கள்கூட ஆகும், அதுவும் தேர்வு நேரம் என்றால் இன்னும் இழுக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு சிறிய கம்பெனி மூடிவிட்டது; போன் எடுக்க ஆள் இல்லை. சரிபார்க்க முடியவில்லை என்று அறிக்கை வந்தது. ஃபார்ம் 16-ம், பிஎஃப் தளத்தில் யுஏஎன் வைத்து எடுத்த பணி விவரமும் அனுப்பிய பிறகு ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் பழைய கம்பெனியும் இப்படி என்றால், கேட்பதற்கு முன்பே அவற்றை இணைத்துவிடுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் ரெஸ்யூமேயிலும் கடிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒரு மாத வித்தியாசம்கூட அறிக்கையில் சிவப்பாக வரும்.

உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. அறிக்கையைக் காரணம் காட்டி வேலையை மறுக்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன் அறிக்கையின் நகலையும் உங்கள் உரிமைகள் பற்றிய தாளையும் தர வேண்டும். தவறு இருந்தால் மறுப்பு எழுதுங்கள். விசாரித்துத் திருத்தச் சாதாரணமாக 30 நாள் கெடு. முடிவு வரும் வரை இருக்கிற வேலையை விடாதீர்கள்.

ஐ-9 என்பது இதில் சேராது. வேலை செய்ய அனுமதி உண்டா என்று பார்க்கும் படிவம் அது. சேர்ந்து மூன்று வேலை நாளுக்குள் மூல ஆவணங்களைக் காட்ட வேண்டும். எஸ்எஸ்என் அட்டை இன்னும் வரவில்லை என்றாலும் வேலை தொடங்கலாம்.

7. கிரெடிட் செக்

வீடு வாடகைக்குக் கேட்டால் முதலில் விண்ணப்பக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். கிரெடிட் செக் (வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்களா என்று பார்ப்பது), குடியிருப்போர் பின்னணி எல்லாம் அதற்குள் வரும். நியூயார்க் மாநிலத்தில் இதற்கு 20 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. பல மாநிலங்களில் 50 டாலரையும் தாண்டும், திரும்பக் கிடைக்காது. நாலு இடத்தில் ஒரே நேரத்தில் கட்டி வைக்காமல், 'எனக்கு அமெரிக்காவில் கிரெடிட் வரலாறு இல்லை, ஏற்பீர்களா?' என்று முதலிலேயே கேளுங்கள். மாட்டோம் என்றால் அந்தக் கட்டணமாவது மிஞ்சும்.

ஏற்பவர்கள் கேட்பவை: சம்பளம் குறிப்பிட்ட ஆஃபர் கடிதம், வங்கி ஸ்டேட்மெண்ட், சில சமயம் உத்தரவாதம் தரும் ஆள். கூடுதல் டெபாசிட் கேட்டால் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் ஒரு மாத வாடகைதான் உச்சம். கலிஃபோர்னியாவிலும் 2024 ஜூலை முதல் பெரும்பாலும் அப்படியே. நியூஜெர்சியில் ஒன்றரை மாதம்.

வந்த முதல் மாதமே ஒரு செக்யூர்டு கார்டு வாங்கிவிடுங்கள். 200 டாலர் போலக் கட்டி வைத்தால் அதே அளவுக்குக் கடன் வரம்பு தருவார்கள். சின்னச் செலவு மட்டும் செய்து முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுங்கள். ஆறு மாதத்தில் கிரெடிட் ஸ்கோர் (கடனைக் கட்டும் ஒழுங்குக்கான மதிப்பெண்) உருவாகிவிடும். ஆனால் கடைக்குக் கடை கார்டு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ஸ்கோரைக் குறைக்கக்கூடிய 'ஹார்டு' விசாரணையாக இரண்டு வருடம் அறிக்கையில் நிற்கும். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் அறிக்கையும் ஆன்யூவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காமில் வாரத்துக்கு ஒரு முறை இலவசம். பெயர் ஒருபோல இருக்கிற வேறொருவரின் கடன் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

8. ஹோட்டலில் செக்

சாப்பிட்டு முடித்ததும் 'செக், ப்ளீஸ்' என்றால் பில் வரும். 'பில்' என்றாலும் புரியும். ஆனால் அங்கே அது ரூபாய் நோட்டு போன்ற பணத்தாளுக்கும் பெயர்.

மெனுவில் உள்ள விலையில் வரி சேராது. டிப்ஸ் வரிக்கு முந்தைய தொகையில் 15 முதல் 20 சதவீதம். பரிமாறுகிறவர்களின் வருமானமே அதில்தான் இருக்கிறது, ஆகவே மறக்காதீர்கள். ஆறு பேருக்கு மேல் போனால் சில இடங்களில் டிப்ஸைத் தாங்களே சேர்த்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் இன்னொரு தடவை எழுதிவிட வேண்டாம். ஆளுக்கு ஒரு பில் வேண்டும் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே 'செப்பரேட் செக்ஸ்' என்று சொல்லுங்கள். கார்டை எடுத்துக்கொண்டு போய் இரண்டு சீட்டு கொண்டு வருவார்கள். 'மெர்ச்சண்ட் காப்பி'யில் டிப்ஸ், கூட்டுத்தொகை, கையெழுத்து எழுதி வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

9. பழைய கார் வாங்கும்போது: செக் இன்ஜின் விளக்கு

செக் இன்ஜின் விளக்கு என்பது இன்ஜின் தொடர்பான பழுது தெரிந்தால் ஓட்டுநர் முன்னால் எரிவது. 1996-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில் பழுதுக் குறியீட்டைப் படிக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். உதிரிபாகக் கடைகள் பலவற்றில் இலவசமாகப் படித்துச் சொல்வார்கள். சொந்தமாக ஒரு கருவி வாங்கினால் 20, 30 டாலர். விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். மின்னி மின்னி எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும்.

விளக்கு எரியவில்லை என்பதால் கார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. விற்பதற்கு முந்தைய நாள் குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும், சில நாள் ஓட்டிய பிறகுதான் திரும்ப வரும். கருவியைச் செருகிப் பார்த்தால் 'மானிட்டர்ஸ் நாட் ரெடி' என்று காட்டும், அதாவது காரின் சுயபரிசோதனை இன்னும் முடியவில்லை. பேட்டரி மாற்றியிருந்தாலும் அப்படிக் காட்டலாம். ஆகவே உடனே விற்பவரைக் குற்றம் சொல்லாமல், ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கார் பாருங்கள். நியூஜெர்சி போல மாநிலப் பரிசோதனை உள்ள இடங்களில் அந்த விளக்கு எரிந்தாலே கார் தேறாது, பழுதுச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.